மகாதேவியின் பின்னல்

சவுக்காரம் தலைமயிருக்குக் கூடாது. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் இதை யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை. சவுக்காரமே கிடைக்கவில்லை. மற்றப் பெண்கள் அதற்காக அழுதார்கள். என் மனைவி மகாதேவிக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை, ஏனென்றால் கலியாணம் செய்த நாளிலிருந்தே அவளுடைய தலையை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

வாக்குமூலம் எழுத வந்த நீங்கள் வேறொன்றைக் கேட்கிறீர்கள், தம்பி. தெரியும். ஆனால் இதிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் தலை தோய்வாள். முதல் நாளே வெந்தயம் ஊறப்போட்டுவிடுவேன். செவ்வரத்தை இலையைக் கசக்கிப் பிழிந்து, அந்த வழுவழுப்போடு வெந்தயத்தை அரைத்துப் பூச வேண்டும். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி விரல் நுனியால் தேய்க்க வேண்டும், நகம் படக்கூடாது. சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து மேலே போக வேண்டும். எல்லோரும் உச்சியிலிருந்து கீழே இழுக்கிறார்கள், அதில்தான் பாதி மயிர் அறுகிறது. ஈரத்தோடு பின்னக்கூடாது. சாப்பாடும் முக்கியம். முருங்கையிலை, எள்ளுருண்டை. முட்டை ஒன்று கிடைத்தால் அது அவளுக்கு. நான் பாண் விளிம்பைத் தின்றுவிட்டுப் படுப்பேன்.

எண்பத்தெட்டில் எங்கள் கலியாணத்தின்போது அவளுடைய பின்னல் இடுப்புக்கு வந்தது. நாலு வருடத்தில் முழங்காலைத் தாண்டிவிட்டது.

பக்கத்து வளவு நல்லம்மாக்கா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பார். "தம்பி, உமக்கு இந்தப் பாண் சுடுற வேலை சரிவராது. சலூன் ஒண்டு திறவும்" என்பார். "எங்கடை மனிசன் என்ரை தலையிலை கைவைச்சது தாலி கட்டேக்கை மட்டும்தான்." அவருடைய கணவர் தியாகலிங்கம் அண்ணை உள்ளேயிருந்து, அதற்கே தான் இன்னும் வட்டி கட்டுவதாகச் சொல்லுவார். நானும் சிரிப்பேன். மகாதேவி சிரிப்பதில்லை. அவள் அதிகம் பேசாத பெண்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கம்பஸை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். படிப்பு ஓடாமல் விடவில்லை, ஆட்களோடு இருக்கப் பிடிக்காமல் விட்டேன். பிறகு திருநெல்வேலியில் ஒரு பேக்கரியில் போறணைக்கு விறகு தள்ளும் வேலை. பொழுதுபடப் போனால் விடியத்தான் கொக்குவிலுக்குத் திரும்புவேன். இரவு முழுக்க நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும் மனைவியைப் பற்றித்தான் யோசிக்க முடியும்.

கலியாணமாகி ஆறாம் மாதம் ஒரு காலை நான் வந்தபோது வீடு வெறுமையாகக் கிடந்தது. வட்டுக்கோட்டையில் அவளுடைய தமக்கை தங்கமுத்து வீட்டில் இருந்தாள். கூட்டிக்கொண்டு வந்தேன். அடிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்:

"ஒருத்தரோடையும் கதைக்க விடுறியள் இல்லை. எனக்கு மூச்சு முட்டுது. நான் திரும்பவும் போவன்."

நியாயமாகப் பார்த்தால் அவளே எனக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். தெரிந்துகொண்டும் ஒன்றும் செய்யாமல் இருப்பவன் புருசன் அல்ல.

அன்று தொடக்கம் வேலைக்குப் போகுமுன் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் போவேன். கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் எல்லாம் அலுமாரிக்குள். போத்தல்களும் அப்படியே, உடைந்தால் காலில் குத்தும். விளக்கு வைப்பதில்லை. எண்ணெய்த் தலைக்குப் பக்கத்தில் நெருப்பு ஆபத்து. பிறகு பின்னலைப் பின்யன்னல் கம்பியில் சுற்றி மடித்து, செப்புக் கம்பியால் குறடு கொண்டு முறுக்கி, அதற்கு மேல் சைக்கிள் சங்கிலியைக் கோத்து ஆமைப்பூட்டுப் போடுவேன். விடிய வந்து கழற்றுவேன். பகலில் நான் படுக்கும்போது நுனி என் கையில் சுற்றியிருக்கும்.

கேட்க ஒருமாதிரி இருக்கலாம். யோசித்துப் பாருங்கள். தொடக்கத்தில் அவளால் யன்னலோடு சாய்ந்து இருக்கத்தான் முடிந்தது. அது எனக்கு மனவருத்தம்தான். அதனால்தான் இரண்டு மடங்கு கவனமெடுத்தேன். அடுத்த வருடம் பாயில் படுக்க முடிந்தது. அதற்கடுத்த வருடம் தண்ணீர்ச் செம்புக்குக் கை எட்டியது. கடைசியில் யன்னலிலிருந்து இரண்டு எட்டு நடந்தாள். தலைமயிர் வளர வளர வசதி அவளுக்குத்தான். நான் அரைத்ததும் தேய்த்ததும் எல்லாம் அதற்காகத்தான்.

அவள் ஒருநாளும் கத்தவில்லை. கத்தினால் அயல் முழுக்க வந்து அவளை அந்தக் கோலத்தில் பார்க்கும் என்று முதல் நாளே விளங்கப்படுத்தியிருந்தேன். மானமுள்ள பெண். அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒருநாள் மட்டும் கேட்டாள். "மொட்டை அடிச்சு விடுங்கோ. எங்கையும் போகமாட்டன். சத்தியமா." மொட்டைத் தலையோடு ஒருத்தியை எதை வைத்து நம்புவது? எண்ணெயைச் சூடாக்கினேன்.

இனி அன்று காலை.

பலாலி றோட்டால் வந்து ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பும்போது பொம்பர் இரண்டு வந்தன. முதற் குண்டு றெயில் பாதைப் பக்கம் விழுந்தது. நல்லம்மாக்கா தங்கள் படலையில் நின்று கூப்பிட்டார். நான் அவர்களுடைய வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினேன்.

"மகாதேவி எங்கை, தம்பி?"

"வட்டுக்கோட்டைக்குப் போட்டாள், அக்கா. தமக்கை வீட்டை."

அதைச் சொல்லிவிட்ட பிறகு நான் எழும்பிப் போய்ப் பூட்டைத் திறக்க முடியாது. அது உங்களுக்கு விளங்கும். திறந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் நான் பொய்யன் என்றாகும். பிறகு ஏன் பூட்டு என்று கேட்பார்கள். ஒரு மதிலுக்கு அப்பால்தான் வீடு. சாவி என் மடியில் இருந்தது.

பொம்பர் வளைத்துக்கொண்டு திரும்புகிற இடைவெளியில் சத்தம் அடங்கியது. அப்போது அவள் கத்தினாள். முதல் தடவையாக. நாலு வருடம் கத்தாத தொண்டை, வார்த்தை ஒன்றும் தெளிவாக வரவில்லை.

"ஆரோ கத்துற மாதிரிக் கிடக்கு" என்றார் நல்லம்மாக்கா.

"உது பின்வளவு ஆடு, அக்கா. கட்டினபடி விட்டிட்டினம் போலை."

"பாவம், வாயில்லாச் சீவன்."

தியாகலிங்கம் அண்ணை எழும்பினார். ஓடிப்போய் அவிழ்த்துவிட்டு வாறன் என்று படியில் காலும் வைத்துவிட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்து இருத்தினேன். ஆட்டுக்காக உயிரை விடுறதோ, அண்ணை, என்றேன். கையை விடவில்லை. பொம்பர் திரும்பி வரும்வரைக்கும் விடவில்லை. அவர் மதிலைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவும் நேரம் இருந்தது. இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள் என்றால், ஓம், அவரை மறித்தது நான்தான்.

இரண்டாவது குண்டு எங்கள் வளவுக்குள் விழுந்தது. கூரை முழுக்க உள்ளே இறங்கிவிட்டது. ஓடுகளையும் கூரைச் சிலாகைகளையும் இழுத்துப் போட்டபோது அவள் யன்னலடியில் உயிரில்லாமல் கிடந்தாள். சுவரில் காலை ஊன்றி இழுத்திருக்கிறாள். யன்னல் கம்பி வில்லுப்போல உள்ளே வளைந்திருந்தது. பின்னல் அறவில்லை. தூசியைத் தட்டிப் பார்த்தேன், ஒரு மயிர்கூட அறவில்லை.

அவளை வெளியே எடுக்க வழி தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தியாகலிங்கம் அண்ணை வீட்டுக்கு ஓடிப்போய்க் கத்தி கொண்டுவந்து, பிடரியோடு வைத்து அறுத்தார். மழுங்கல் கத்தி. கண்டபடி அறுத்தார். நாலு வருட உழைப்பு, தம்பி. நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன்.