கன்னத்துக்குள் ஒரு பாதாம்

"ஹலோ... ஓம், நகுலேஸ்தான் கதைக்கிறன்... ஓம், ஓம், தவமலரக்கா, உங்களுக்கும் நத்தார் வாழ்த்து... என்ன... ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு... தடிமனோ... இல்லையோ... அழுதனீங்களோ."

நகுலேஸ்வரி அடுப்பைக் குறைத்தாள். வெம்பிளியில் பகல் இரண்டு மணி. கிறிஸ்மஸ், பஸ்ஸும் ரெயினும் ஓடாத நாள் என்பதால் கணவரும் வீட்டில்தான் நின்றார். நியூ ஜெர்சியில் இப்போது காலை ஒன்பது. அங்கே தவமலரின் வீட்டில், நகுலேஸ்வரியின் தம்பி குகநாதனின் மகள் ஆரணி பத்து நாளாகத் தங்கியிருக்கிறாள். டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள். ஒரு வருட ஆராய்ச்சிக்காக பொஸ்டன் போனவள். விடுமுறைக்கு ஆய்வுகூடத்தைப் பூட்டியதும் போக இடமில்லாமல் நின்றவளை, தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது என்று அங்கே அனுப்பி வைத்தது நகுலேஸ்வரிதான்.

தவமலரின் மகன் சிவதர்ஷனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் அவள் ஆரணிக்குச் சொல்லவில்லை. தவமலரிடமோ, பெண்ணுக்கும் சம்மதம், தகப்பனுக்கும் சம்மதம் என்று சொல்லியிருந்தாள். இரண்டு பேரிடமும் இன்னும் கேட்கவில்லை. கேட்டு அறிகிற அளவுக்கு அவர்களுக்கு என்ன தெரியும் என்பது அவள் எண்ணம்.

"சரி, அழாமல் சொல்லுங்கோ... நேற்று இரவுச் சாப்பாடு... ஓம்... பதினாலு பேரோ... உங்கடை மச்சாளும் வந்தவவோ... நல்லது, நாலு பேர் பெட்டையைப் பாக்கத்தானே வேணும்... ஓம்... ஆரணி பொங்கல் மாதிரிப் புக்கை செய்தவளோ... அக்கா, அது புக்கையில்லை. பிரிட்ஜுக்குள்ளை வைச்சு எடுத்த பால்சோறு. வயித்தாலை போற ஆளுக்குக் குடுக்கிற மாதிரி. மேலை செரிப்பழத் தண்ணி... எனக்குத் தெரியாதே, பதினாலு வருசம் டென்மார்க்கிலை இருந்தனான். வெள்ளைக்காரனுக்கு அதுதான் அமிர்தம்.

"அப்ப பாதாம்... நான் சொன்ன மாதிரித்தானே செய்தனீங்கள்... ஓம்... அவள் ஒரு முழுப் பருப்பை உங்கடை கையிலை தந்து, சட்டிக்குள்ளை போட்டுக் கலக்கச் சொன்னவள்... நீங்கள் கலக்கேல்லை... அவளின்ரை கோப்பைக்குள்ளை தாட்டு வைச்சனீங்கள்... கெட்டிக்காரி. பேந்தென்ன."

அது நகுலேஸ்வரியின் யோசனை. டென்மார்க்கில் நத்தார் பால்சோற்றுக்குள் ஒரு முழுப் பாதாமை ஒளித்து வைப்பார்கள். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு ஒரு வருடத்துக்குள் கலியாணம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். போன கிழமை இதைத் தவமலருக்கு விளக்கியிருந்தாள். சகுனம் தானாக வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை, கோப்பைக்குள் வைத்துவிட்டால் வந்துவிடும். விருந்துக்கு வந்த எல்லாருக்கும் தவமலர் இதைக் காதோடு சொல்லி வைத்திருந்தாள்.

"வரேல்லையோ... என்னெண்டு வராமல் போகும்... கோப்பையை வழிச்சுத் திண்டு முடிச்சவள்... வாயைத் திறக்கேல்லை... எல்லாரும் அவளின்ரை வாயைப் பாத்துக்கொண்டு... ஒண்டரை மணித்தியாலம்... ஓம்... ஓம்... மச்சாள் சிரிச்சவவோ. அவ சிரிப்பா. அவவின்ரை மகளுக்கு முப்பத்தாறு, இன்னும் வீட்டிலை. அவவின்ரை சிரிப்பை ஒரு சிரிப்பெண்டு எடுக்காதேங்கோ."

அவள் போனை நெஞ்சோடு அழுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, உந்த இறைச்சியை ஒருக்கால் பிரட்டிவிடுங்கோ. கராஜிலை மூண்டு கார் நிக்குதாம், ஒரு பாதாம் பருப்புக்கு இருந்து அழுகினம்... இல்லையக்கா, உங்களுக்கில்லை, இவரோடை கதைச்சனான். சொல்லுங்கோ... காலமை... அவள் குளிக்கப் போன நேரம்... கட்டிலுக்குப் பக்கத்திலை... ரிஷூக் கடதாசியிலை சுத்தியோ... பாதாமோ... முழுசாவோ... கடிக்கக்கூட இல்லையோ."

இது நகுலேஸ்வரிக்கும் புதிது. கிடைத்ததை வாய்க்குள் ஒளித்து, வெளியே எடுத்துச் சுற்றி வைத்திருக்கிறாள். பதினாலு பேருக்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னதற்குச் சமம் அது. தவமலரும் அப்படித்தான் விளங்கியிருந்தாள்.

"இல்லை, இல்லை... வேண்டாம் எண்டு காட்டுற அளவுக்கு உவளுக்கு எங்கை தைரியம். கடையிலை மிச்சக் காசு குறையத் தந்தாலும் தாங்க்யூ சொல்லிப்போட்டு வாற பெட்டை... இல்லையக்கா, பேச்சை முறிக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ... நான் வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு அருச்சனையும் செய்து, அங்கை நிண்ட சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டன். தையிலை நிச்சயதார்த்தம் எண்டு... ஓம்... அவளிட்டைக் குடுங்கோ. இப்பவே குடுங்கோ. ரெண்டு வார்த்தையிலை சரிப்படுத்திறன்."

காத்திருந்த நேரத்தில் அவள் கறியில் உப்புப் பார்த்தாள். போதாது.

"ஹலோ, ஆரணி... ஓம், மாமிதான்... உன்ரை ஹப்பி கிறிஸ்மஸை நீயே வைச்சிரு. என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்... தமிழிலை கதை... இல்லை, டெனிஷும் வேண்டாம், எனக்கு அது மறந்து போச்சு. மறக்க வேண்டிய பாஷை... அந்தப் பாதாமை ஏன் ஒளிச்சனி... ஒளிக்கேல்லையோ. பின்னை, ரிஷூவிலை சுத்தி வைக்கிறதுக்கு உங்கை வேறை பேரோ... என்ன... முறையோ... என்ன முறை.

"ஓ... கிடைச்ச ஆள் சொல்லக்கூடாதோ... கன்னத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கோணும்... மற்றவை தேடித் தேடித் திண்டு சட்டி முடியுமட்டும்... பேந்து எடுத்துக் காட்டுறது... இதென்ன விசர் விளையாட்டு. குரங்கும் இதைத்தானே செய்யுது... ஓம் ஓம், விளங்குது. சட்டி முடியேல்லையோ... என்னெண்டு முடியும், பிள்ளை. எங்கடை சனத்தின்ரை சட்டி எந்தக் காலத்திலை முடிஞ்சது. நீ எட்டுப் பேருக்கு அளந்து வைச்சிருப்பாய், அவ முப்பது பேருக்கு அரிசி கொட்டியிருப்பா... கண்டியோ... அதுக்காக ஒண்டரை மணித்தியாலம் கன்னத்துக்குள்ளையோ... கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினனியோ... சீ... மிச்சத்தை இண்டைக்கு எல்லாரும் திண்டு முடிச்ச பிறகு காட்டுவம் எண்டு சுத்தி வைச்சனி. உனக்கு எத்தினை வயது... இருபத்தஞ்சு. புத்தி அஞ்சு."

கணவர் கரண்டியோடு திரும்பி நின்று சிரித்தார்.

"நீங்கள் சிரியாதேங்கோ. கறியைப் பாருங்கோ... உனக்கில்லை, உன்ரை மாமாவுக்கு... என்ன கேக்கிறாய்... அங்கை இருந்தும் எனக்கு இது தெரியாதோவோ... என்ன... அந்தப் பால்சோறு நான் திண்டிருக்கிறனோவோ."

அவள் அடுப்படியை விட்டு யன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"தின்னேல்லை... எங்கை தின்னுறது. இருபத்திநாலாம் திகதி பின்னேரம் டெனிஷ்காரர் எல்லாம் வீட்டை ஓடிடுவினம். மீனுக்கு நத்தார் தெரியுமே. நாங்கள் மீன் பக்டரியிலை நிண்டு வெட்டினம்... ஒருத்தரும் கூப்பிடேல்லை. பதினாலு வருசமும் ஒருத்தரும் கூப்பிடேல்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன், சப்பெண்ட சாப்பாட்டுக்கு... பாதாம் கதையோ. அது எனக்குப் பக்கத்து மேசையிலை மீன் வெட்டினவள் சொன்னது. அது கிடைச்சால் ஒரு வருசத்துக்குள்ளை கலியாணம் எண்டு... ஓம், அவள் சுவீடன்காரிதான். உனக்கென்னெண்டு தெரியும்... சுவீடன்காரருக்குத்தான் கலியாணமோ. ஒரு கடலுக்கு அங்காலையும் இஞ்சாலையும் இருக்கிற சனம், அதுக்குள்ளை வித்தியாசம் வேறை. அப்ப உங்கடை ஆக்களுக்கு என்ன கிடைக்கும்... என்ன... பண்டியோ.

"பாதாமும் சீனியும் அரைச்சு, மூக்கும் வாலும் வைச்சுச் செய்த பண்டிக்குட்டி... இவ்வளவு பெரிசோ... கடை கடையாத் தேடி வாங்கியும் வைச்சிருக்கிறியோ. வடிவு. மாப்பிள்ளை வீட்டிலை பண்டியோடை போய் நிக்கிறாய்."

சொல் வாயை விட்டுப் போய்விட்டது. கணவரின் கை கரண்டியில் நின்றது.

"...எந்த மாப்பிள்ளையோ... ஒரு பேச்சுக்குச் சொன்னனான்... பிள்ளை... இருக்கிறியோ... சரி, கேள். இனி மறைச்சு என்ன. சிவதர்ஷனுக்கு என்ன குறை. வேலை இருக்கு, வீடு இருக்கு, குடி இல்லை. உயரம் கொஞ்சம் காணாது, நீயும் கொக்கில்லை... உனக்குச் சொல்லேல்லைத்தான். சொல்லியிருந்தால் போயிருப்பியோ... கண்டியோ, நீயே சொல்லுறாய்... ஓம், பத்து நாளா வந்து போன சனமெல்லாம் உன்னைப் பாக்கத்தான் வந்தது. பின்னை, உன்ரை ஆராய்ச்சியைப் பாக்கவோ. பாண் மாவைப் புளிக்க வைக்கிற சாமானைப் பற்றிப் படிக்க ஒரு வருசம் அமெரிக்கா போற ஆளை ஆர் வந்து பாப்பினம்.

"என்ன, அவன் உன்னட்டை... நியூ ஜெர்சி பிடிச்சிருக்கோ எண்டு மூண்டுதரம் கேட்டவனோ. பாவம், பெடியன் வேறை என்னெண்டு கேப்பான். நீ என்ன சொன்னனி... ஓம், நல்லாயிருக்கு எண்டனியோ. அப்ப சம்மதம்தானே... மரியாதைக்குச் சொன்னனியோ. மரியாதை. உந்த டெனிஷ் மரியாதையாலைதான் எல்லாம் நாறுது... அழுறியோ... அழேல்லையோ. அப்ப சரி."

ஆரணி சத்தமாகக் கதைக்கிற பெண் அல்ல. இப்போது இன்னும் மெதுவாக ஒன்று கேட்டாள். நகுலேஸ்வரி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அப்பாவுக்குத் தெரியுமோவோ... தெரியும். ஏன் தெரியாமல். கொப்பர் என்ரை தம்பி. நான் கீறின கோட்டைத் தாண்டாதவன்... என்ன சொன்னவனோ. என்ன சொல்லுவான், சந்தோசம் எண்டவன்... எப்பவோ... போன மாதம்... ஆரணி, அவனை ஏன் இப்ப எடுக்கிறாய். அங்கை இப்ப பின்னேரம், ஷிப்ட் முடிஞ்சு படுத்திருப்பான்... சொன்னால் கேள்... மற்றப் போனை வை. ஆரணி."

காலடிச் சத்தம் போனை விட்டு விலகிப் போனது.

"ஹலோ... ஓம் அக்கா, நீங்களோ... பக்கத்திலைதான் நிண்டனீங்களோ... இல்லை, அவள் வெக்கத்திலை சொல்லுறாள்... பெட்டைக்கு விருப்பம் எண்டு நான் சொன்னனான்தான்... ஓம், சொன்னனான்... கேக்காமல் என்னெண்டு சொல்லுவன்... அக்கா, பொறுங்கோ. குரலை உயத்தாதேங்கோ. நீங்களும் ஒரு சொல் அவளைக் கேட்டிருக்கலாம்தானே. பத்து நாள் சோறு போட்டனீங்கள், பிள்ளை உனக்கு விருப்பமோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. பருப்பை வைச்சுப் பாத்தனீங்கள்... நான்தான் வைக்கச் சொன்னனான், இல்லையெண்டு சொல்லேல்லை... நாலு வருசமா உங்கடை பெடியனுக்கு ஒரு இடம் சரிவரேல்லை. ஆர் ஓடித் திரிஞ்சது. டொரொன்டோக்காரி வேண்டாம் எண்டாள், பாரிஸ்காரி போனையும் எடுக்கேல்லை. நான்தானே..."

தூரத்தில் இன்னொரு போன் மணி அடிப்பது கேட்டது. இரண்டு தரம். மூன்று தரம். யாரோ எடுத்தார்கள். ஆரணியின் குரல் டெனிஷில் ஏதோ சொன்னது. மறந்துபோன பாஷை என்றாலும், அதற்குள் தன் பெயர் வந்தது நகுலேஸ்வரிக்கு விளங்கியது.

"அக்கா, பேந்து எடுக்கிறன். இஞ்சை கறி அடிப்பிடிக்குது..."

கறி அடிப்பிடிக்கவில்லை. கணவர் அடுப்பை எப்போதோ நிறுத்திவிட்டு, கைகளைத் துடைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லையக்கா, ஓடேல்லை. ஏன் ஓடுறன்... ரெண்டு போனையும் பக்கத்திலை வைக்கிறாளோ... எதுக்கு... குகநாதனோ... வேண்டாம், அவனை ஏன் இதுக்குள்ளை..."

பெருவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. தொட்டால் போதும். தம்பியின் குரல் இரண்டு போன்களைத் தாண்டி, தகரப் பேணிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. அவள் விரலை எடுத்தாள்.

"தம்பி... ஓம், அக்காதான்... கேக்குது... ஓம், எல்லாரும் நிக்கினம்... கேள்...

"இல்லை... இல்லை, உனக்குச் சொல்லேல்லை... அவளுக்கும் சொல்லேல்லை... ஓம். நீ சம்மதம் எண்டனி எண்டு நான்தான் இவையளுக்குச் சொன்னனான்... குடிச்சுப்போட்டுக் கதைக்கிறனோவோ. நான் எப்ப குடிச்சனான்... ஏன் கேக்கேல்லையோ."

கணவர் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார்.

"கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய். அவளைக் கேளுங்கோ அக்கா எண்டிருப்பாய். அவளைக் கேட்டால் மாட்டன் எண்டிருப்பாள்... பேந்து நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது, தம்பி... தம்பி..."

இணைப்பு அறுந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அறுத்தது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.