வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை ஆண்ட வேதியியல் ஆசிரியைக்கு

அமிலத்தையும் அழுகையையும் ஒரே நிதானத்தோடு கையாண்ட அம்மையே, சுண்ணக்கட்டித் தூளையே சூடிய சுந்தரக் கரத்தினரே, பதறி வரும் பள்ளியிறுதி வகுப்பை ஆண்டுதோறும் பத்திரமாகக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்ட பெருந்தகையே, வணக்கம்.

"பணி நிறைவு வாழ்த்து மடல் நல்ல தமிழில் இருக்கட்டும், சட்டம் போட்டு மாட்டணும்" என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். எங்கள் கையிருப்பில் இருந்த நல்ல தமிழ் முதல் வாக்கியத்திலேயே தீர்ந்துவிட்டது. இனி உள்ளதைச் சொல்கிறோம்.

முப்பதாண்டுக்கும் மேலாக நீங்கள் நடத்திய வேதியியலை உங்கள் மாணவர்கள் பாதி மறந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு ஒரே விதிதான்: தனக்குத் தெரியாத ஒன்றை எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். சொதப்பியதும் கரும்பலகையில் பெரிய முட்டை, வகுப்பே கைதட்டும். அதைத் தொடங்கிவைக்க நீங்களே முதலில் பாடினீர்கள். எதிர்க்கட்டட நூலகர் எழுந்து வந்து சன்னலைச் சாத்தினார்.

"பாடம் முடிக்கவே நேரமில்ல, இந்தக் கூத்து வேறயா டீச்சர்?" என்று கேட்டவர்கள் நாங்கள்தாம்.

"பாடம் முடிஞ்சிடும் சார். பசங்க தாங்கணுமே" என்றீர்கள்.

எங்களையும் விட்டுவைக்கவில்லை. குதிரை வரைய நீங்கள் கூப்பிட்ட கணக்கு ஆசிரியர், வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து நின்றார். அவர் பழகி வரைந்ததே கழுதையாகத்தான் வந்தது என்பதால் அவருக்கு முட்டை கிடைத்தது.

ஆனால் அந்த வகுப்பு விளையாட்டல்ல என்பதை எங்களுக்குக் காட்டியவள், 'ஃபுல் மார்க்' என்று எல்லாரும் கூப்பிட்ட பெண். தேர்வு நெருங்க நெருங்க அவளுக்குக் காலையில் சாப்பிட்டது தங்கவில்லை. தையல்கடை வைத்திருக்கும் அவள் அம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார்.

"காலேஜுல இடம் கெடச்சாலும் போக மாட்டேங்கறா டீச்சர். அங்க வர்ற எல்லாருமே முதல் ரேங்க்காம். அப்ப நான் யாரும்மான்னு கேக்கறா. நான் என்ன சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு போடாம அனுப்புங்க" என்றீர்கள்.

அந்த வெள்ளியன்று அவள் மூன்று பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. வகுப்பு வாயைப் பிளந்து கைதட்டியது. நீங்கள் மட்டும் தட்டவில்லை.

"எத்தன நாளா பழகின?"

"ஒரு வாரமா, டீச்சர்."

"முட்டை வாங்கறதுக்கும் படிச்சிட்டு வந்தியாடி? போய் உக்காரு. அடுத்த வாரம் நெஜமாவே தெரியாததோட வா."

அடுத்த வாரம் விசிலடிக்க வந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள், காற்றோடு எச்சிலும் வந்தது. "குடை பிடிக்கட்டுமாடி?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. வகுப்பு சிரித்த சிரிப்பில் அவள் அழுதுவிடுவாள் என்றே வெளியே நின்று எட்டிப் பார்த்த நாங்கள் பயந்தோம். அவளோ விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். நீங்கள் போட்ட முட்டை, கரும்பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருந்தது.

அவள் சாப்பிட்டுவிட்டு வந்து தேர்வெழுதினாள். விடுதிக்குப் பெட்டியும் கட்டினாள். ஆனாலும் உங்களுக்கு மனம் ஆறவில்லை. கைப்பேசி ஒலித்தால் பாதி வாக்கியத்தில் நின்றீர்கள். ஒருநாள் இடைவேளையில் அழைப்பு வந்தது. நாங்கள் டீக்கோப்பையோடு சுற்றி நிற்க, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தீர்கள்.

"டீச்சர், முதல் டெஸ்ட்ல நாப்பதுதான்."

நாங்கள் டீக்கோப்பைகளை மேசையில் வைத்தோம்.

"அழுதியா?"

"அழுதேன். அப்புறம் பசிச்சுது, சாப்பிட்டேன். பக்கத்து ரூம் பொண்ணுகிட்ட போய், எனக்கு இது சுத்தமா புரியல, சொல்லித் தர்றியான்னு கேட்டேன். அவளுக்கும் புரியலயாம். இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து சார்கிட்ட போறோம். அவ வாசல்ல நிக்கறா, வெச்சிடறேன் டீச்சர்."

வைத்தே விட்டாள். உங்களிடம் ஆறுதல்கூடக் கேட்கவில்லை.

நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு பை நிறைய சாக்லேட் வாங்கி வந்து, அலுவலகம் முதல் வாயிற்காவலர்வரை கொடுத்தீர்கள்.

"யாரு டீச்சர், சென்டமா?" என்றார் எழுத்தர்.

"நாப்பது மார்க் சார்" என்றீர்கள், தலை நிமிர்ந்து. நூற்றுக்கு நூறுகளைப் பலமுறை கொண்டாடிய இந்தத் தாழ்வாரம், அப்படி ஒரு வெற்றி நடையை அதற்கு முன் கண்டதில்லை.

திருத்தாத தாள்கள் கனவில் வராத உறக்கமும், மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்காத உடலும், காரணமின்றிக் கைப்பேசியில் கூப்பிடும் பிள்ளைகளும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். யாரும் கூப்பிடாத நாள் வந்தால், அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று பொருள். அதற்கும் சாக்லேட் வாங்குங்கள்.

நீங்கா அன்புடன்,
உங்கள் கையால் முட்டை வாங்கிய
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்