கராஜடி ஐரிஸ்

இந்தச் சின்னப் பாவசங்கீர்த்தன அறைக்குள் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, பாதர். எங்கள் வீட்டு ஏசி போன கிழமை நின்றுபோனது. திருத்துகிறேன், திருத்துகிறேன் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சைவக்காரி. பெயர் கோணேஸ்வரி, ஊர் திருகோணமலை. நீங்கள் மன்னிப்பு ஒன்றும் தரத் தேவையில்லை, கேட்டால் போதும். இங்கே சொல்வது இந்தத் திரையைத் தாண்டிப் போகாது என்று, எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பேர்ணடெற் அக்கா முன்பொருநாள் சொல்லியிருந்தார். போன ஞாயிறு பூசையில் நீங்கள் என் பெயரை வாசித்தீர்களாம். பேர்ணடெற் அக்கா ஒப்புக்கொடுத்த நன்றிப் பூசை. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. உள்ளதை ஒருவருக்காவது சொல்லிவைப்போம் என்று வந்தேன்.

எல்லாம் ஒரு தோட்டக் கிளப்பில் தொடங்கியது. இந்த நாட்டுக்கு வந்து அஜின்கோர்ட்டில் வீடு வாங்கிய புதிதில் பின்வளவில் மிளகாயும் பயித்தங்காயும் வைத்திருந்தேன். லைப்ரரியில் கிளப்பின் நோட்டீசைக் கண்டு, தக்காளிக் கன்று சும்மா தருவார்கள் என்று நினைத்துப் போனேன். தரவில்லை. கோப்பியும் பிஸ்கற்றும் தந்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் வயதான வெள்ளைக்காரர்கள். அன்று பேசியவர் தலைவி மிஸிஸ் ஹார்ட்லி. எண்பது தாண்டிய மனுசி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பழைய ஐரிஸ் இனங்களைப் பற்றிப் பேசினார்.

ஐரிஸ் என்றால் இங்கே வீட்டுக்கு வீடு நிற்கிற பூ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடையில் விற்பதெல்லாம் புதுசு. பெரிய பூ, கரையெல்லாம் சுருக்கு, பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டுச் சட்டை போல. ஒரு மழை விழுந்தால் தலை கவிழ்ந்துவிடும். மிஸிஸ் ஹார்ட்லி கொண்டுவந்த பழையவை அப்படியில்லை. சின்னப் பூ, மெல்லிய இதழ், நிமிர்ந்த தண்டு. பார்த்தவுடன் மயக்காது, இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்க வைக்கும். ஒன்றை என் மூக்கடியில் பிடித்தார். கொடிமுந்திரிகைப்பழ வாசம் வந்தது.

பிறகு கிழங்கைக் காட்டினார். வசம்பு மாதிரி இருந்தது. விதை போட்டால் வேறு செடிதான் வருமாம்; கிழங்கைப் பிரித்து நட்டால் அதே செடி வருமாம். அப்படியென்றால் என் மூக்கடியில் இருந்தது, மகாராணி விக்ரோறியா காலத்தில் யாரோ ஒருத்தியின் வளவில் பூத்த அதே செடி. அதன் பிள்ளையுமில்லை, பேரப்பிள்ளையுமில்லை. சில வருடத்துக்கொருமுறை யாரோ குனிந்து, கிண்டி, பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவந்திருக்கிறார்கள். இடையில் ஒருவர் மறந்திருந்தாலும் அது முடிந்திருக்கும். நாங்கள் வீட்டை விட்டு மூன்று தரம் ஓடியவர்கள், பாதர். எங்களிடம் ஒரு குத்துவிளக்குக்கூட மிஞ்சவில்லை. அதனாலோ என்னவோ, அந்தக் கிழங்கை அவர் திருப்பிக் கேட்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு வருடத்தில் பின்வளவில் மிளகாய் இல்லாமல் போய் எல்லாம் ஐரிஸ் ஆனது. இவர் ஒரு நாள் சமையலறை ஜன்னலால் பார்த்து, "இஞ்சேரும், உதில ஒண்டும் கறிக்கு உதவாதோ?" என்று கேட்டார். உதவாது என்றேன். அவர் நல்ல மனுசன். பிறகு கேட்கவில்லை.

பேர்ணடெற் அக்கா எங்கள் வேலிக்கு மற்றப் பக்கம் இருந்தவர். நாங்கள் வந்த முதல் பனிக்காலத்தில் எங்கள் நாலு பேருக்கும் கோட்டுத் தேடிக்கொண்டு வந்து தந்தவரும் அவர்தான், பக்கத்து வீடு விற்பனைக்கு வந்ததும் எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். தன் வீட்டை ஒரு வெள்ளைக்காரக் கிழவனிடமிருந்து வாங்கியிருந்தார். கராஜடியில், மேப்பிள் மர நிழலில், வாள் போன்ற இலையோடு ஒரு பற்றை நின்றது. பூக்காததால் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நகரசபைக்காரர் வந்து மேப்பிளின் பெரிய கொப்பொன்றை வெட்டினார்கள். வெயில் பட்டதும், அடுத்த யூனில் அந்தப் பற்றை பூத்தது.

அந்த நிறத்தை எப்படிச் சொல்வது? பால் விடாத தேத்தண்ணியில் ஊதா மை ஒரு சொட்டு விழுந்து இன்னும் கரையாமல் இருப்பது போல. அக்கா வேலைக்குப் போயிருந்தார். வேலிக்கு மேலால் எட்டி ஒரு பூவைக் கிள்ளிக் கிளப்புக்குக் கொண்டுபோனேன். மிஸிஸ் ஹார்ட்லி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையைத் தேடிப் போய் அமர்ந்தார். சின்ன வயதில் தாயின் தோட்டத்தில் பார்த்த பூவாம். அதற்குப் பிறகு எங்குமே காணவில்லையாம், அழிந்துபோயிற்று என்றே நினைத்திருந்தாராம். எங்கே கிடைத்தது என்று கேட்டார். என் வளவில் என்றேன்.

ஆங்கிலத்தில் சொன்னபடியால் அது எனக்கு அவ்வளவு பொய்யாகப் படவில்லை.

அடுத்த யூனில் கிளப் முழுக்க என் வளவைப் பார்க்க வருவது என்று அன்றே தீர்மானித்தார்கள். ஆகவே அது என் வளவில் இருக்க வேண்டியிருந்தது. அக்காவிடம் ஒரு துண்டு கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டிருந்தால் இரண்டு கையாலும் அள்ளித் தந்திருப்பார். அதுதான் கரைச்சல். பிறகு அது இரண்டு வளவிலும் நிற்கும். அக்கா வாய் ஓயாதவர், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், பிரித்துப் பிரித்துக் கொடுப்பார். அவருக்கு ஐரிசைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு அருமையான இனத்தை அப்படிப்பட்டவரின் தயாள குணத்தை நம்பி விடக்கூடாது என்று எனக்குப் பட்டது.

அவருடைய கணவர் கிறிஸ்ரி அண்ணைக்குக் கழுத்தில் கனகாலமாக ஒரு கடி. சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போயிருந்தது. ஐரிஸ் கிழங்கின் சாறு பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும் என்பது உண்மைதான், பாதர், கிளப்பில் சொன்னார்கள். நான் வேலியடியில் நின்று ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அக்கா, அண்ணைக்கு உந்தக் கடி எப்ப துவங்கினது?"

"இந்த வீடு வாங்கின பிறகுதான், கோணேஸ். ஏன் கேக்கிறீர்?"

"இல்லை, சும்மா கேட்டன்" என்று சொல்லி கராஜடியைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை. பார்ப்பது பொய்யில் சேருமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த நாளே அக்கா வந்து, அந்தச் செடிக்கு நஞ்சு இருக்கிறதோ என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் பயந்துபோனார். நானே வந்து கிண்டி அகற்றித் தருகிறேன் என்றேன். முகத்தில் சால்வை கட்டி, முழங்கை வரை கையுறை போட்டு, வேரோடு எல்லாவற்றையும் எடுத்தேன். மண்ணை அரிதட்டால் அரித்தும் பார்த்தேன். அக்கா தூரத்தில் நின்று, தன் குடும்பத்துக்காக நான் படுகிற பாட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி இளகிய மனம்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விடயம். ஆனால் அண்ணையின் கடி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அக்கா மண்ணையே சந்தேகப்பட்டார். நஞ்சு உள்ளே இறங்கிவிட்டது என்றார். வளவில் கால் வைக்கப் பயந்தார், உடுப்புக் காயப்போடப் பயந்தார். பிள்ளைகளில் யாராவது தலையைச் சொறிந்தாலே அழுதார். வீட்டை விற்போமா என்று என்னிடம்தான் கேட்டார். அந்த நேரம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நகருக்கு வெளியே, அஜக்சில் காற்று நல்லம் என்று வந்தது.

பொய்யில்லை, அங்கே காற்று நல்லம்தான். வீட்டு விலையும் குறைவு. அவர்கள் சாமான் கட்டுகிற நாட்களில் நான்தான் சமைத்துக் கொடுத்தேன். கண்ணாடிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றியதும் நான்தான். அண்ணை இப்போது விடிய முன்னமே எழும்பி ரெயின் பிடித்து வேலைக்கு வருகிறார். ஆனால் ஒரு புதுமை பாருங்கள், அஜக்சுக்குப் போய்க் கொஞ்ச நாளில் கடி நின்றுவிட்டது. வேலையில் கம்பளிக் கொலர் வைத்த யூனிபோமை மாற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்காவுக்கு அதை நான் சொல்லவில்லை. சந்தோசமாக இருக்கிறவர்களை ஏன் குழப்ப வேண்டும்?

இந்த யூனில் கிளப் வந்தது. அது நன்றாகப் பூத்திருந்தது. முதல் பரிசென்று எனக்கு ஒரு நீல றிபன் குத்திவிட்டார்கள். உதவிக்கென்று அக்காவும் அஜக்சிலிருந்து ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். செடியைக் கண்டதும் தட்டத்தோடு அப்படியே நின்றார்.

"கோணேஸ், உது எங்கட கராஜடிப் பூவெல்லோ?"

"ஓம் அக்கா."

"உந்த நஞ்சை ஏன் வைச்சிருக்கிறீர்?"

"எறிஞ்சா வேற ஆரின்டையும் வளவில போய் முளைக்கும். அதுதான் நானே வைச்சுப் பாக்கிறன்."

தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். ஊருக்கு வரவேண்டிய வருத்தத்தைத் தன் தலையில் வாங்கி வைத்திருக்கிறாளே என்று அழுதார். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள், பூவின் அழகுக்கு அழுகிறார் என்று நினைத்துத் தாங்களும் கண் கலங்கினார்கள். ஒரே வளவில் இரண்டு பாசையில் இரண்டு கதை நடந்தது. ஒன்றோடொன்று முட்டவில்லை. நீங்கள் என் பெயரை வாசித்த நன்றிப் பூசை அதற்காகத்தான்.

மிஸிஸ் ஹார்ட்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒரேயொரு துண்டு கேட்டார். தாயின் கல்லறையடியில் வைக்க. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போன மாதம் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற மஞ்சள் ஐரிசில் வெட்டினேன். இலையை வைத்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அவருக்கும் வயது போய்விட்டது, கல்லறையில் நட்டதை அவருக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்? புல் வெட்டுகிறவன் ஒரே இழுவையில் முடித்துவிடுவான். அருமையானதை அப்படி இழக்க முடியாது. தண்ணீர் ஊற்ற அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போவதும் நான்தான். வழி முழுக்க நன்றி சொல்லிக்கொண்டு வருவார். பூக்க ஒன்றிரண்டு வருடமாகும். அவருடைய உடம்பு இருக்கிற நிலைக்கு, மஞ்சளைப் பார்த்து மனம் நோக வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவும்தான். ஒருவருடைய பொருளையும் நான் எனக்கென்று எடுக்கவில்லை. அழிய இருந்த ஒன்று இன்று உயிரோடு நிற்கிறது. நான் இல்லையென்றால் அக்கா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பயித்தங்காய் வைத்திருப்பார்.

இன்னுமொன்று. யூனில் அந்தோனியார் திருநாளுக்கு அக்கா என்னையும் இங்கே கூட்டிவந்தார். வெளியே மாதா சொரூபத்தடியில் சாம்பல் வெள்ளையில் ஒரு சின்ன ஐரிஸ் பூத்திருந்தது. மிகப் பழைய இனம். இங்கே யாருக்கும் அதன் அருமை தெரியாது. பக்கத்தில் சைக்கிளைச் சாத்தியிருந்தார்கள். கேட்டிருந்தால் நீங்கள் தந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். இன்று எனக்கு முன்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றபடியால் கொஞ்ச நேரம் கிடைத்தது. இந்தப் பையில்தான் இருக்கிறது. முழுவதையும் எடுத்துவிட்டேன், பாதர். ஒரு துண்டை மட்டும் அங்கே தனியாக விட்டுவர எனக்கு மனம் வரவில்லை.