கொப்பி கேட்ட கடிதம்

ஒருவரிடமிருந்து சாட்சியமாக ஓர் ஆவணத்தைக் கட்டாயமாகப் பெறுவதென்றால் அழைப்பாணை வேண்டும். கேட்டு எழுதிய கடிதம் அழைப்பாணை ஆகாது. ஐப்பசியில், பிஞ்ச் வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு இது தெரிந்திருந்தது.

அவள் அகதி விண்ணப்பங்களை மொழிபெயர்ப்பவள். போலிக் குடிவரவு ஆலோசகர் ஒருவரை விசாரித்த மாகாணச் சட்டமா அதிபர் அலுவலகம், அவளிடம் வந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்த கொப்பியைக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தது.

"குடுத்திட்டு விடன் பிள்ளை," என்றார் பக்கத்தில் இருந்த அன்ரி. "கவுண்மேந்து எல்லே கேக்குது."

"எந்தச் சட்டத்திலை கேக்கிறியள் எண்டு திருப்பி எழுதிப் போட்டன் அன்ரி. கேஸ் முடியாத சனத்தின்ரை பேரெல்லாம் உதிலை கிடக்கு."

"உன்னைப் பிடிச்சு உள்ளுக்கை போட்டால்?"

"போடட்டும். உள்ளுக்கை ஹீற்றர் வேலை செய்யுமாம், என்ரை அப்பார்ட்மென்ரிலை அதுகும் இல்லை."

"பகிடி விடாதை."

"ஊரிலை கேட்டவனுக்கெல்லாம் பேர் எழுதிக் குடுத்தம். இஞ்சையும் குடுக்கோணுமே?"



மாசியில் அதே பஸ்ஸில் அவர்களை மறுபடி கண்டேன். அன்ரிதான் தொடங்கினார்.

"என்னவாம் அவங்கள்?"

"கொப்பி தேவையில்லையாம். அந்தப் போலி ஆலோசகர் எனக்கு எழுதின ரெண்டு கடிதம் போதுமாம்."

"உதைச் சொல்ல இவ்வளவு நாளோ! எப்ப வந்தது?"

"தைப்பொங்கலண்டு."