அப்பாதுரையைக் கடலில் விட்டது

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, ஒரு கால் ஆடும். இப்படி மின்விசிறிக்குக் கீழே வாருங்கள். மரக்காணம் வெயிலில் வனத்துறைச் சட்டையை மாட்டிக்கொண்டு அலைவது லேசான வேலை இல்லை. மோர் வரும்.

நீங்கள் விசாரிக்க வந்தது ஒரு நட்சத்திர ஆமைக் குட்டியைப் பற்றி. செத்த ஓட்டை உங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தவள் என் மருமகள் லிடியா. யார் காரணம் என்று சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். நான்தான். பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நடந்ததைக் கேட்டால் நீங்களே என் பக்கம் நிற்பீர்கள்.

என் தகப்பனார் அப்பாதுரை. மாதா கோயில் மணி அவர் வாங்கிக் கொடுத்தது, இன்றும் அதில் பெயர் இருக்கிறது. இந்த உப்பளத்தில் பாதிப் பாத்தி அவர் வெட்டியது. அவருடைய ஒரே பேரன், என் மகன் ஆண்ட்ரூஸ், கத்தாரில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. இந்த ஊரில் அது வீட்டு விஷயம் இல்லை, பஸ் நிறுத்தத்து விஷயம். பூசை முடிந்து வெளியே வந்தால், "விசேஷம் ஏதாச்சும் உண்டா சகாயநாதன்?" என்று கேட்காதவர் கிடையாது.

போன மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஓர் ஆமை வந்தது. ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "வூட்ல ஆமை திரியுது, புள்ள எப்பிடித் தங்கும்?" என்று பால் ஊற்றுகிற விருத்தாம்பாள் எங்கள் வாசலிலேயே நின்று சொன்னாள். ஆறு வருடமாக இல்லாத பிள்ளைக்கு முந்தின வாரம் வந்த ஆமை எப்படிக் காரணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், சகுனம் பார்ப்பதில்லை. அடுத்தவர் பார்ப்பதைக் கெடுப்பதும் அழகில்லை.

தவறு லிடியாவிடம் தொடங்கியது. அவள் ஆமையைத் துரத்தவில்லை. செம்பருத்தி இலை பறித்துப் போட்டாள். அது செடியடியில் குழி தோண்டி முட்டையிட்டது. தாயைக் காட்டில் விடச் சொல்லி எங்கள் உப்பளத்து ஆள் கலியனிடம் கொடுத்துவிட்டு, முட்டைகளை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். போனில் எதையோ பார்த்து, பிளாஸ்டிக் தொட்டியில் மணல் பரப்பி, சூடு கிடைக்கும் என்று இன்வெர்ட்டர் மேல் வைத்தாள். கோழி முட்டை மாதிரி இதைப் புரட்டக் கூடாதாம், புரட்டினால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடுமாம். மேல்பக்கம் எது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர் எழுதினாள். எல்லாம் என் முன்னோர் பெயர்கள். எங்கள் குடும்பக் கல்லறையில் இருக்கிற அத்தனை பேரும் இன்வெர்ட்டர் மேல் வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

விருத்தாம்பாள் வந்து எட்டிப் பார்த்தாள். "லிடியாம்மா, இது மட்டும் பொரிஞ்சிடுச்சின்னா கோளாறு உங்கிட்ட இல்ல. துபாய்க்காரருகிட்டதான்."

"துபாய் இல்லக்கா, கத்தார்," என்றாள் லிடியா.

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து, பிற்பகலில் அவள் கண்ணயரும் நேரத்தில், முட்டைகளைத் தலைகீழாகப் புரட்டி வைத்தேன். அவள் எழுவதற்குள் பழையபடி திருப்பி வைத்தேன். பெயர்கள் ஒழுங்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் தொடவில்லை. என் தகப்பனார் பெயரைக் குப்புறக் கவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

பொரிந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் என் காது பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. "டேய் அப்பாதுரை, கீரை தின்னுடா. ஐயோ, மறுபடியும் ஒன்னுக்குப் போயிட்டியா?" பங்குச் சாமியார் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இது உள்ளேயிருந்து கேட்டது. அவர் சுவரில் மாலை போட்டிருந்த என் தகப்பனார் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் கோயில் வாசலில் கேள்வி மாறிவிட்டது. லிடியா கை பட்டதெல்லாம் பொரிகிறது என்று பேச்சு. "ஆண்ட்ரூசுக்கு டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

எடுத்துப் பார்த்தாயிற்று தம்பி. அவன் ஒரு லீவு முடிந்து விமானம் ஏறிய பிறகு, புதுச்சேரி டாக்டரிடம் முடிவு கேட்கப் போனவன் நான். குறை அவனிடம், சரிசெய்ய வழியில்லை என்று அவர் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மகனிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்றேன். லிடியாவிடமும் அதையே சொன்னேன். பிறகு அவள் ஊசி போட்டுக்கொண்டாள், வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்தாள், வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் முடியிறக்கினாள். நான் தடுக்கவில்லை. ஒருவருடைய பக்தியைத் தடுக்க நான் யார்? வீங்கிய காலுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

அனுமந்தைக் கடற்கரையில் கடலாமைக் குஞ்சுகளை விடும் விழாவுக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்தார்கள். அன்று லிடியாவை என் மனைவி ஆனந்தம்மாளோடு புதுச்சேரிக்கு அனுப்பினேன், இன்னொரு பரிசோதனைக்கு. அப்பாதுரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தி மங்கலில், பேசினுக்குள் இருந்த குஞ்சுகளோடு அதையும் கலந்துவிட்டேன்.

மற்றவை தண்ணீரைப் பார்த்து ஓடின. இது மட்டும் திரும்பி ஊரைப் பார்த்து நடந்தது. "ஏய் தங்கம், அந்தப் பக்கம்டா!" என்று ஒரு கல்லூரிப் பெண் திருப்பிவிட்டாள். மறுபடியும் வந்தது. "வூட்டு மேல அம்மாம் பாசம் போல," என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. போன் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு முறை திருப்பிவிட்டுப் படம் எடுத்தார்கள். கடைசியில் மரியாதைக்காக என்னிடம் கொடுத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் ஆழம் இறங்கி, அலைக்கு அப்பால் விட்டேன். கை தட்டினார்கள்.

லிடியா திரும்பி வந்ததும் கேட்டாள். "மாமா, அப்பாதுரை எங்க?"

"கடல்ல விட்டுட்டேன்மா."

"அது தரையாமை மாமா. அதுக்கு நீந்த வராது."

"அது எனக்குத் தெரியும்மா," என்றேன். நான் சொன்னேனே, பொய் சொல்வது வழக்கமில்லை.

விடிந்ததும் கரை நெடுகத் தேடி, அலை ஒதுக்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள். அங்கிருந்து அப்படியே அம்மா வீடு.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தத் தாயாமை தானாக வரவில்லை. உப்பளத்துக் கரை முள்காட்டில் கலியன் அதைக் காட்டி, "ஐயா, வெரட்டி வுட்டுடறேன். வூட்டாண்ட வந்துதுன்னா ஊரே அதத்தான் பேசும்," என்றான். ஊர் அதையே பேசினால் வேறெதையும் பேசாது என்று எனக்குத் தோன்றியது. அவன் போன பிறகு, சாக்கில் போட்டு ஸ்கூட்டரில் வைத்து நானே கொண்டுவந்து தோட்டத்தில் விட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள், அது வனத்துறைக்குச் சம்பந்தமில்லாதது. ஆண்ட்ரூஸ் அடுத்த லீவுக்கு வருகிறான். இந்தக் கல்யாணத்தை ரத்து செய்ய முடியுமா என்று சாமியாரிடம் கேட்டிருக்கிறேன். திண்டிவனம் பக்கம் ஒரு பெண்ணும் பார்த்தாயிற்று, நல்ல குடும்பம். இந்த முறை எல்லாம் சரியாக நடக்கும். தோட்டத்து வாசலில் உயரமாக ஒரு படி கட்டச் சொல்லிவிட்டேன், எந்த ஆமையும் ஏறி வர முடியாதபடி.