பதிலில்லாக் கோப்பை ஏற்காத அக்காவுக்கு

தரவுத்தளம் காத்த தகைசால் தமக்கையே, குழம்பிய கணக்குகளைக் கோத்துக் கொடுத்த கோமகளே, குழாய்க்கும் வண்ணப்பூச்சுக்கும் நடுவே குளிர்சாதனமில்லாக் குறுகிய அறையில் கொலுவீற்றிருந்த கொள்கைக் குன்றே, எங்கள் பேரன்புக்குரிய அக்கா அவர்களே,

வணக்கம். பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் தங்களை வாழ்த்தும் வார்த்தை தேடி, விற்பனையும் கணக்கும் கிடங்கும் வண்டிப் பிரிவும் ஒன்றுகூடி உட்கார்ந்தோம். நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் தலையைக் குனிந்து, கைப்பையில் இல்லாத பொருளைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவருக்கும் மகளுக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தாங்கள் வேண்டுமானால் வேறு யாரோ ஒரு அக்காவைப் பற்றிய பேச்சு என்று கேட்டுக்கொண்டிருங்கள். மேடையில் இருக்கும் முதலாளிகள் இருவரும் பொறுத்தருள்க. இந்தக் கதையில் அவர்களும் வருகிறார்கள், கொஞ்சம் அதிகமாகவே.

அக்கா தரவுத்தளப் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்தபோது கடை ஒன்றாக இருந்தது. அண்ணனான பெரியவர் குழாயும் வாஷ்பேசினும் பார்த்துக்கொள்வார். தம்பியான சின்னவர் வண்ணப்பூச்சும் டைல்ஸும் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் பெரியவர் யாரையும் கேட்காமல் ஒரு லாரி நிறைய வெளிர்பச்சை வாஷ்பேசின்களை வாங்கி இறக்கினார். ஊழியர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது சின்னவர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே இது, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கொத்தனார் வந்து கிடங்கின் நடுவே சுவர் எழுப்பினார். சுவரில் தன் பக்கத்துக்கு அடிக்க வேண்டிய பூச்சைக்கூடத் தம்பியிடம் வாங்கமாட்டேன் என்று பெரியவர் அடுத்த தெருக் கடைக்கு ஆள் அனுப்பினார்.

சட்டப்படி நிறுவனம் ஒன்றுதான். வாடிக்கையாளர்களும் பொதுதான். ஆனால் கணினி இரண்டாயிற்று, மென்பொருளும் இரண்டாயிற்று. அந்தப் பக்கம் 'பார்ட்டி' என்று எழுதினால் இந்தப் பக்கம் 'கஸ்டமர்' என்று எழுதினார்கள். அங்கே அரை இஞ்சுக் குழாய் என்பது இங்கே பதினைந்து எம்.எம். ஆயிற்று. மிச்சமிருந்த ஒரே குளியல்தொட்டியை இரண்டு கடையும் ஒரே காலையில் இரண்டு பேருக்கு விற்றுவிட, இருவரும் வண்டியோடு வந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விடவைக்க எங்கள் கிடங்கு மேஸ்திரி பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அக்கா பெரியவரிடம் போனார். "சார், நீங்க உங்க மென்பொருள மாத்த வேண்டாம். அவரும் மாத்த வேண்டாம். நடுவுல எக்ஸ்எம்எல்னு ஒரு முறையில கோப்பு எழுதி அனுப்பிக்கலாம். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னாடியும் பின்னாடியும் அது என்னன்னு பேர் எழுதியிருக்கும். எந்த மென்பொருளும் படிச்சுக்கும்."

"இது அவன் சொன்ன யோசனையா?"

"இல்ல சார். உலகமே செய்யுது."

"அப்பச் சரி."

கிடங்கு மேஸ்திரிக்கு மட்டும் புரியவில்லை. அக்கா அவரை ஒரு அட்டைப்பெட்டி முன்னால் நிறுத்திச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். "ஓ, பெட்டி மேல சீட்டு ஒட்டுறது. உள்ள சின்னப் பெட்டி, அதுக்கும் ஒரு சீட்டு. தொறந்த பெட்டிய மூடிட்டுத்தான் அடுத்தது. அவ்வளவுதானே?" அவ்வளவுதான். கோப்பில் எந்தெந்தப் பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதிகளையும் அக்கா எழுதினார். ஸ்கீமா என்று அதற்குப் பெயர். அதற்கு உடன்படாத கோப்பை, இரு கடைக்கும் பொதுவாக அக்கா வைத்திருந்த தரவுத்தளம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்த மாதத்திலிருந்து ஒரே பொருள் இருமுறை விற்பது நின்றது. அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார்.

விட்டிருக்கக் கூடாது. அந்தக் கோப்பில் 'குறிப்பு' என்று ஒரு இடம் இருந்தது. சரக்கைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தால் எழுதலாம் என்று நல்ல மனதோடு வைத்திருந்தார். பெரியவர் அதில் முதன்முதலாக எழுதினார்: "பால்வெள்ளைப் பூச்சு இருபது டப்பா. போன முறை போல் நசுங்கியது வேண்டாம்." அரை மணியில் தம்பியிடமிருந்து வந்தது: "எங்கள் பக்கம் நசுங்கவில்லை. கண்ணாடியை மாற்றவும்." அதற்குப்பின் எழுத்துத் தடையின்றிப் பெருகியது. வாய்விட்டுப் பேசாத இருவர், சரக்குக் கோப்பில் பேசித் தீர்த்தார்கள்.

அந்தக் குறிப்புகள் ரசீதிலும் அச்சாகும் என்பது இருவருக்கும் தெரியாது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் ஒரு பெரிய மனிதர் டைல்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ரசீதைப் படித்திருக்கிறார். "வயசாச்சே தவிர கூட்டல் கழித்தல் வரவில்லை" என்று இருந்தது. மாலையில் மூன்று மாணவர்களோடு வந்து, "யாருக்கு வரல?" என்று கேட்டார். அக்கா அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ரசீதுக்குத் தனிக் குறிப்பும் உள்ளுக்குத் தனிக் குறிப்புமாகப் பிரித்தார்.

ஒரு சனிக்கிழமை இரண்டு கடையும் அப்படியே நின்றுபோயின. ஆர்டர் ஏறவில்லை, வண்டி கிளம்பவில்லை. அக்கா கோப்பை வரி வரியாகத் தேடினார். சின்னவர் ஆத்திரத்தில் 'உங்கள் மூளை' என்று எழுதி, நடுவில் கணக்குப் பாடத்தில் வரும் 'சிறியது' குறியைப் போட்டு, 'எங்கள் மூளை' என்று முடித்திருந்தார். எக்ஸ்எம்எல்லில் அந்தக் கூர்முனைக் குறி வந்தால் புதிய பெட்டி திறக்கிறது என்று அர்த்தம். திறந்த பெட்டிக்கு மூடியைத் தேடித் தேடிக் கணினி களைத்து உட்கார்ந்துவிட்டது. அக்கா தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னார்: "சார், அந்தக் குறியெல்லாம் போட்டுத் திட்டாதீங்க. என்ன சொல்லணுமோ வார்த்தையில திட்டுங்க. கோப்பு தாங்கும்." அன்று மாலையே, யார் எந்தக் குறி போட்டாலும் உடையாதபடி நிரலைத் திருத்தினார்.

இத்தனையையும் சிரித்துக்கொண்டே பார்த்திருந்த எங்களுக்கு ஒரு நாள் சிரிப்பு நின்றது. நிறுவனத்தையே பிரிப்பது என்று வக்கீல் வந்தார். பிரிந்தால் இரண்டு சிறிய கடைக்கு இத்தனை ஆள் தேவையில்லை, பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்காவுக்கு மட்டும் பயமில்லை. 'நீ என் பக்கம் வந்துடும்மா' என்று அண்ணனும் சொல்லியிருந்தார், தம்பியும் சொல்லியிருந்தார். அதுவே அவருக்கு உறுத்தலாகிவிட்டது. தன்னோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

"டேட்டாபேஸ ரெண்டா வெட்டிக் குடும்மா," என்றார் பெரியவர்.

வெட்ட உட்கார்ந்தால் வெட்டுவதற்கு இடமே இல்லை. குழாய் வாங்கியவர் அங்கே, பூச்சு வாங்கியவர் இங்கே என்று பிரிக்கலாம் என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லாரும் இரண்டும் வாங்கியவர்கள். இவர் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும்தான் ஒவ்வொருவராகத் தீர்மானிக்க வேண்டும். அதற்கென்று அக்கா ஒரு புதிய கோப்பு அமைத்தார். அதில் 'காரணம்' என்று ஒரு பெட்டி. பக்கத்தில் 'பதில்' என்று ஒரு பெட்டி. எதிர்ப்பக்கத்தார் எழுதிய காரணத்துக்குப் பதில் எழுதாமல் அனுப்பினால் கோப்பு செல்லாது என்று ஸ்கீமாவில் ஒரு வரி சேர்த்தார்.

அந்த வரியைச் சேர்க்கும் முன் இரண்டு நாள் தயங்கினார். முன்வரிசையில் இருக்கும் ஐயா, தங்களுக்கு நினைவிருக்கும். "அவங்க குடும்ப விஷயத்துல நீ ஏன் தலையிடுற?" என்று கேட்டீர்களாம். "குடும்பத்துல தலையிடலீங்க. ஸ்கீமாவுலதான்," என்றாராம்.

தம்பி எழுதிய முதல் காரணத்துக்குப் பதிலில்லாமல் பெரியவர் தன் கோப்பை அனுப்பினார். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. அவரே எழுந்து அக்காவின் அறைக்கு வந்துவிட்டார்.

"அவனுக்கு நான் பதில் எழுதணும்னு யாரு சொன்னது?"

"நான் சொல்லல சார். விதி அப்படி இருக்கு."

"அந்த விதிய யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

பெரியவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். வேலை போயிற்று என்று அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் கோப்பு வந்தது. பதில் என்ற இடத்தில் "ம்" என்று இருந்தது. குறைந்தது இத்தனை எழுத்து வேண்டும் என்று அக்கா விதியில் சொல்ல மறந்துவிட்டார். "ம்" செல்லும்.

ஒரு வாரம் இரண்டு பக்கமும் "ம்" ஓடியது. பிறகு "ம். ஆனால்" என்று நீண்டது. ஆனாலுக்குப் பின்னால் வரிகள் வந்தன. பழைய வாடிக்கையாளரான சுண்ணாம்புக் காளவாய்க்காரரின் முறை வந்தபோது பெரியவர் காரணத்தில் எழுதினார்: "இவர் வீட்டு மொட்டைமாடிக்கு முதல் குழாயைத் தூக்கிப் போனவன் நான். இவர் எனக்கு." பதில் வந்தது: "பின்முனையைத் தோளில் தாங்கியது யார்? தழும்பு இன்னும் இருக்கிறது." பெரியவர் எழுதினார்: "அது குழாய்த் தழும்பு அல்ல. சைக்கிளில் விழுந்தது."

அன்று மதியம் சுவரைச் சுற்றிக்கொண்டு, தெரு வழியாக, பெரியவர் தம்பி கடைக்குள் நுழைந்தார். கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் கொஞ்சம் திண்டாடினார். உள்ளே போனதும், "சட்டையக் கழட்டுடா, தழும்பப் பாக்கணும்," என்றார். பிறகு கேட்ட சத்தத்தில் வெளியே நின்ற வாடிக்கையாளர்கள் இருவர் போய்விட்டார்கள். நாங்கள் கிடங்கில் கைவேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவ்வளவு சத்தமான சண்டையை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. அக்கா மட்டும் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தூசி விழுந்தது என்று சொன்னார். அந்த அறையில் தூசி இருந்ததும் உண்மைதான்.

வக்கீலுக்கு மறுவாரம் ஒரு வாஷ்பேசின் அன்பளிப்பாகப் போயிற்று, வெளிர்பச்சையில். சுவரை இடித்தார்கள். எங்களில் ஒருவர்கூட வேலையிழக்கவில்லை.

அன்பு அக்கா, இனித் தங்களிடமே பேசுகிறோம், நிமிர்ந்து பாருங்கள். பொறுமையின் பொருளறிந்த தாங்கள் பல்லாண்டு நலமும் வளமும் பெற்று, கால்வலியும் கண்வலியும் காணாது, கணவரோடும் மகளோடும் களிப்புற்று வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். ஊரெல்லாம் சுற்றுங்கள், உச்சிவெயில் வரை உறங்குங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். இந்த மடலை யார் படிப்பது என்று முதலாளிகள் இருவரும் இன்று காலை ஒன்பது மணிக்கே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள், முடிவு தெரியாததால் எங்கள் கணக்காளர் படித்துக்கொண்டிருக்கிறார். நாளையும் ஒன்பது மணிக்குக் கடை திறக்கும். தயவுசெய்து தங்கள் கைப்பேசி எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
இரு கடை ஊழியர்கள், ஒரே கிடங்கிலிருந்து