ரெண்டு பக்கமும் பன்னிரண்டு

— ஐயா, காலை எடுங்க. கட்டைவிரல் அந்தப் பக்கம் போயிருச்சு.

— எந்தப் பக்கம்ப்பா?

— அம்மாவோட நாட்டுக்குள்ளங்க. மஞ்சள் எல்லைக் கோட்டைத் தாண்டி அரை விரற்கடை. உத்தரவுங்க, நான் என்ன பண்ண?

— ஏன் கோட்டுக்காரரே, என் வீட்டுக்காரர் என் பக்கம் காலை நீட்டினா எந்த நாடு கவிழ்ந்துடப் போகுது?

— கவிழாதுங்கம்மா. ஆனா ரெண்டு அரசாங்கமும் பாதிப் பாதி சம்பளம் கொடுத்து என்னை இங்க நிறுத்தினதே இந்தக் கோட்டைப் பாக்கத்தானே? ஒரு அரசாங்கம் மட்டும் கொடுத்திருந்தா கண்டுக்காம விட்டிருப்பேன்.

— அவரை விடும்மா. நீ கணக்கை இன்னொரு தடவை சொல்லு.

— எத்தனை தடவைங்க சொல்றது? எங்க நாட்டுல பழைய முப்பது வருஷத்துச் சராசரி மழை நூறு மில்லிமீட்டர். இப்போதைய முப்பது வருஷத்துக்கு எண்பத்தெட்டு. உங்க பக்கம் என்ன?

— ஐம்பதா இருந்தது. இப்போ நாப்பத்துநாலு.

— நூத்துக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு? வாயைத் திறந்து சொல்லுங்க.

— பன்னிரண்டு.

— எங்களுக்கும் அதே பன்னிரண்டு. போச்சு.

— அடக் கடவுளே! ரெண்டும் பாலைவனம். மழைன்னு ஒண்ணு வர்றதே அபூர்வம். அது குறையறதுலகூடவா இப்படி ஒத்துமையா இருக்கணும்?

— ஏங்கய்யா, நல்லதுதானேங்க? ‘எங்க மேகத்தை நீ திருடிட்டே’ன்னு ரெண்டு நாடும் எட்டு வருஷமா கத்துது. யாரும் திருடலைன்னு இப்ப தெரிஞ்சு போச்சே.

— அதான்யா வினையே! திருட்டு இல்லைன்னா சண்டை இல்லை. சண்டை இல்லைன்னா, அதைத் தீர்க்கறதுக்குன்னு எல்லை மேல கட்டின இந்தக் கூட்டு அலுவலகம் எதுக்கு? பூட்டிடுவாங்க. நான் என் நாட்டுக்குப் போகணும், இவ இவ நாட்டுக்குப் போகணும்.

— சேர்ந்தே ஏதாவது ஒரு நாட்டுக்குப் போயிடுங்களேன்.

— அந்த நாட்டு ஆள் இந்த நாட்டுல குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, கோட்டுக்காரரே. ரெண்டு அரசாங்கமும் சண்டை போடாம போட்ட ஒரே சட்டம் அதுதான். இந்த மேசைல எதிரும் புதிருமா உக்காந்து மழைக்காகக் கத்திக் கத்தித்தான் எங்களுக்குக் கல்யாணமே ஆச்சு. இந்த அறையை விட்டா எங்களுக்குன்னு வேற இடமில்லை.

— அப்ப என் வேலையும் போயிடுமாங்க?

— ஆளே இல்லாத அறையில கோட்டைக் காவல் காத்து என்னய்யா செய்வே?

— ஐயையோ! அப்ப காலை நீட்டிக்கங்கய்யா. ரெண்டு காலையும் நல்லா நீட்டுங்க. ஊடுருவல்னு புகார் அனுப்பிடறேன். ஏதோ என்னால முடிஞ்ச சண்டை.

— இரு, இரு. எனக்கு ஒண்ணு தோணுது. மில்லிமீட்டர்ல பாரும்மா! உங்களுக்குப் பன்னிரண்டு போச்சு, எங்களுக்கு ஆறுதானே போச்சு? வித்தியாசம் வருதுல்ல?

— நல்லா கேளுங்க. நூத்துக்கு எவ்வளவுன்னுதான் பாக்கணும்னு ஒப்பந்தம். உங்க மந்திரிதான் அடம்பிடிச்சு வாங்கினாரு. மில்லிமீட்டர்ல பாத்தா உங்க நாடு பொடியாத் தெரியுதாம்.

— அந்த ஆளு உருப்படமாட்டாரு. சரி, என் பக்கம் நாப்பத்துநாலை நாப்பத்தஞ்சுன்னு போட்டுடறேன். ஒரே ஒரு மில்லிமீட்டர். ஒரு தூறல்! யாருக்குத் தெரியப் போகுது?

— வேண்டாங்க.

— ஏன் வேண்டாம்?

— இதை வெச்சுத்தான் உங்க ஆளுங்க எந்த இடத்துல கிணறு வெட்டலாம், எவ்வளவு ஆழம் போகலாம்னு பாக்கறாங்க. பெய்யாத தூறலை நம்பி ஒருத்தன் ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டுப் போவான். நாம ஒண்ணா இருக்கணும்கிறதுக்காக அவன் ஆடு நாக்கு வறண்டு சாகணுமா?

— ஆட்டு மேல இருக்கிற அக்கறையில கால்வாசி புருஷன் மேல இருக்கா உனக்கு?

— இல்லாமலா அஞ்சு வருஷமா உங்க குறட்டையை என் நாட்டுக்குள்ள விட்டு வெச்சிருக்கேன்?

— குறட்டைக்குத் தடை இல்லைங்கம்மா. சத்தம் எல்லை தாண்டலாம். கேட்டுட்டேன்.

— கோட்டுக்காரரே, கொஞ்சம் சும்மா இருங்க!

— அழாதேம்மா. நீ சொல்றதுதான் சரி. பொய் வேண்டாம். அடுப்பு உன் பக்கம்தானே இருக்கு, ஒரு வாய் டீ போட்டுக் கொடு. குடிச்சிட்டுப் போறேன்.

— டம்ளர் உங்க பக்கம். நகர்த்துங்க.

— இறக்குமதின்னு சொல்லவாங்க, ஏற்றுமதின்னு சொல்லவாங்க?

— டீன்னு சொல்லுய்யா!

— ஐயா, போன் அடிக்குது. ரெண்டும் அடிக்குது. ரெண்டு தலைநகரும் ஒரே நேரத்துல. என்ன சொல்ல?

— உள்ளதைச் சொல்லு.

— ஹலோ, உத்தரவுங்க. ஹலோ, உங்களுக்கும் உத்தரவுங்க. ரெண்டு பக்கமும் பன்னிரண்டுங்க. இல்லீங்க, யாரும் திருடலீங்க. ஆமாங்க, நிச்சயமாங்க... ஐயா, ரெண்டு பக்கமும் பெருமூச்சுதான் கேக்குது. பாவம், மனசு உடைஞ்சுட்டாங்க போல.

— எங்களைவிடவா?

— இருங்க, பேசறாங்க. பூட்டோட ஆள் கிளம்பிட்டாராம். நீங்க பெட்டியைக் கட்டணுமாம், ஆளுக்கொரு வாசல் வழியா வெளிய போகணுமாம்.

— கையைக் கொடும்மா. ஒரு தடவை பிடிச்சுக்கறேன்.

— பிடிங்க. விடாதீங்க. கோட்டுக்காரரே, போனை வெச்சிடாதீங்க. ரெண்டையும் என் வாய்கிட்டக் கொண்டாங்க.

— என்ன சொல்லப் போறே நீ? திட்டித் தொலைக்காதே.

— உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லணும்னு ஆசையா இருந்தேன். எங்க, இந்தக் கோட்டுக்காரர் தனியா விட்டாத்தானே? பரவாயில்லை, ரெண்டு அரசாங்கத்தோட சேர்ந்து நீங்களும் கேட்டுக்கங்க. ஹலோ! மழைத் தகராறு தீர்ந்துதுங்க, சந்தோஷம். ஆனா இந்த அறையில மூணு மாசமா இன்னொரு ஆளும் இருக்கு, அனுமதிச்சீட்டு இல்லாம. இல்லீங்க, ஒளிஞ்சு வரலை, இங்கேயே உண்டானது. என் வயித்துல இருக்கு. அது எந்த நாட்டு ஆளுன்னு ரெண்டு பேரும் கலந்து பேசி முடிவு பண்ணுங்க. ஒண்ணும் அவசரமில்லை.